முகம் மறைத்த கடவை

குறொன்லாண்ட் என்ற நகர்ப்பகுதியில் ஒரு பாதசாரிக் கடவைக்கு மேலே ஆராய்ச்சி நிலையம் ஒன்று கமரா பூட்டியது, 2004 பனிக்காலத்தில். சனம் எப்படித் தெருவைக் கடக்கிறது, வாகனம் எங்கே முட்டப் பார்க்கிறது என்று எண்ணுவதுதான் அங்கே ஆய்வு மாணவியாக இருந்த ராகவியின் வேலை. முகங்களைப் படத்தில் மறைப்பதும் அவள் பொறுப்பே. ஒருவரையும் அடையாளம் காண முடியாது என்று எழுதிக் கையெழுத்தும் வைத்திருந்தாள்.

படங்களை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. இந்தக் கெட்டிக்காரி ஹவுகன்ஸ்டுவாவில் இருந்த தன் வீட்டுக் குசினி மேசையில் கணினியை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா சிவநாயகி தேத்தண்ணியோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"இது சிவமலரெல்லே?"

"முகமே தெரியேல்லை, அம்மா."

"முகம் என்னத்துக்கு? போட்டிருக்கிற கோட்டைச் சீலைக் கொய்யகம் மாதிரித் தூக்கிக்கொண்டு இறங்குறாள், பார். அவள் ஒருத்திதான் அப்பிடி."

சிவமலர் புருஷன் குலேந்திரனின் அடிக்குத் தப்பி ஓடி, விலாசத்தை மறைத்து வாழ்கிறவள். அது ராகவிக்கும் தெரியும். வாயைப் பொத்திக்கொண்டு கணினியை மூடியிருக்கலாமே? "ஓ, இவ ஒவ்வொரு நாளும் நாலேகாலுக்குக் கடக்கிறவ" என்று தன் பங்குக்கு அவிழ்த்துவிட்டாள்.

குடும்பம் ஒன்று சேரட்டுமே என்று, அம்மா அந்தக் கடவையையும் நேரத்தையும் குலேந்திரனின் காதில் போட்டார்.

பத்தாம் நாள் ராகவியின் அலுவலகத் தொலைபேசி அடித்தது. கமராக் கம்பத்தில் ஒட்டியிருந்த இலக்கத்தைப் பார்த்து அழைத்தவள் சிவமலர்.

"தமிழ்ப் பிள்ளையோ? நல்லதாய்ப் போச்சு. நேற்று நாலேகாலுக்கு என்ரை மனிசன் உந்தக் கடவையிலை என்ரை கையை முறிச்சுப்போட்டான். நான் பனியிலை வழுக்கி விழுந்தனான் எண்டு பொலிசுக்குச் சொல்லியிருக்கிறான். உங்கடை படத்திலை இருக்குமெல்லே?"

இருந்தது. காலையில் ராகவி அதை இரண்டு தரம் பார்த்திருந்தாள். பொலிஸ் கைக்குப் போனால், அவனுக்கு அந்த நேரமும் இடமும் எப்படித் தெரிந்தது என்று கேட்பார்கள். அம்மா அகப்படுவார். அவள் வேலையும் படிப்பும் நாசமாய்ப் போகும்.

"எண்ணி முடிஞ்ச உடனை அழிச்சுப்போடுவம், அக்கா. அதுதான் சட்டம்."

"அப்ப விடுங்கோ, பிள்ளை. நீங்களாவது மனிசரைக் காட்டிக் குடுக்காமல் இருக்கிறியள். அவன் எப்பிடித்தான் என்னைக் கண்டுபிடிச்சவனோ தெரியேல்லை."

ராகவி அழுதாள். அதையும் சொல்லத்தான் வேண்டும். அழுதுகொண்டே நேற்றைய படத்தை அழித்தாள். பிறகு பட்டியலை எடுத்து, விபத்து என்ற கட்டத்தில் 'இல்லை' என்று எழுதினாள்.