ஒன்பதாவது உறை

மகளின் அறையைச் சுத்தம் செய்யச் சொன்னது என் மனைவிதான். ஆற்றில் கிடைத்த அந்தப் பிணம் நம் பெண்ணுடையது இல்லை என்று போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்ததும் அவள் ஆளே மாறிவிட்டாள். அதுவரை அன்ன ஆகாரம் இல்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தவள், ஜன்னலுக்குப் புதுத் திரை தைக்க உட்கார்ந்துவிட்டாள். பெண் எங்கேயோ உயிரோடு இருக்கிறாள், கோபம் தணிந்தால் வந்துவிடுவாள், வரும்போது அறை குப்பைக்கிடங்காக இருந்தால் அதற்கும் ஒரு சண்டை பிடிப்பாள் என்றாள். சண்டைதானே, வந்து பிடிக்கட்டும் என்று நானும் துடைப்பத்தை எடுத்தேன்.

கோபம் என்று அவள் சொன்னது என் மீதான கோபம். பெண் வெளியூரில் விடுதியில் தங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். வேலையை விட்டுவிட்டு வருகிறேன் என்று ஒருநாள் போனில் சொன்னாள். ஒரு வருஷமாவது பல்லைக் கடித்துக்கொண்டு இரு என்றேன். எந்த அப்பனும் சொல்வதுதான். அந்த வாரமே விடுதியை விட்டு வெளியே போனவள் திரும்பவில்லை. அப்புறம் பக்கத்து மாவட்டத்தில் ஆற்றங்கரையில் ஒரு பெண்ணின் உடல் ஒதுங்கியது. வயதும் உயரமும் ஒத்துப்போயின. முகம் அடையாளம் சொல்லும் நிலையில் இல்லை. மரபணுச் சோதனைக்கு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், பல்லின் அச்சு ஏதாவது இருந்தால் கொடுங்கள், உடனே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம் என்றார்கள்.

பல்லுக்கு எங்கள் வீட்டில் பஞ்சமில்லை. என் தங்கை பல் டாக்டர், அதிலும் கோணல் பல்லை வரிசைக்குக் கொண்டுவருவதற்கென்றே தனியாகப் படித்தவள். முன்பெல்லாம் அவளுடைய கிளினிக்கின் பின்னறை முழுக்க அலமாரி, அலமாரி முழுக்க பிளாஸ்டரில் செய்த பற்கள். வைத்தியம் முடிந்து வீட்டுக்குப் போன பிறகும் பல்லை இளித்துக்கொண்டிருக்கிற நோயாளிகள் உன்னிடம்தான் உண்டு என்று நான் கிண்டல் செய்வேன். பிறகு கம்ப்யூட்டர் வந்தது. பேனா போல ஒரு கேமராவை வாய்க்குள் விட்டு எடுத்தால் வாய் மொத்தமும் திரையில் வந்து சுழல்கிறது. வேண்டும் என்றால் அதையே பிளாஸ்டிக்கில் அச்சாக வார்த்துக் கொடுக்க ஒரு மெஷின். பழைய பிளாஸ்டர்களை மூட்டை கட்டி வெளியே போட்டுவிட்டாள்.

புது மெஷினுக்கு முதல் வாய் என் மகளுடையது. அவளுடைய முன்பற்கள் இரண்டும் துருத்திக்கொண்டு, ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும். நான் வைத்த பெயர் முயல். “உங்க பல்லை என் வாயில வெச்சுட்டு நீங்களே கிண்டல் பண்றீங்களாப்பா” என்பாள். உண்மைதான், என் வாயிலும் அதே இரண்டு பற்கள்தான். கம்பி கட்ட மாட்டேன் என்று அடம் பிடித்தாள். அதனால் கண்ணாடி போன்ற மெல்லிய உறைகளைத் தங்கை செய்து கொடுத்தாள். முதல் அச்சு இப்போது இருக்கிற பல், கடைசி அச்சு சரியான பிறகு இருக்கப்போகிற பல், நடுவில் மயிரிழை மயிரிழையாக நகர்த்திய அச்சுகள், ஒவ்வொரு அச்சின் மேலும் அழுத்தி எடுத்த ஓர் உறை. வரிசையாக மாற்றி மாற்றிப் போட்டுக்கொள்ள வேண்டும். எண் போட்டு மொத்தமாகக் கொடுத்துவிட்டாள். போனில் கேட்கும்போதெல்லாம், போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் அத்தை என்று பதில் வந்தது. கணக்குப்படி எல்லாம் போட்டு முடித்திருக்க வேண்டும். போலீஸ் கேட்ட அன்றே தங்கை ஓர் அச்சு வார்த்துக் கொடுத்தாள். ஒத்துப்போகவில்லை என்று தகவல் வந்தது. தங்கை போனிலேயே ஓவென்று அழுதாள், நானும்தான்.

கட்டிலுக்கு அடியில் ஒரு துணிப்பை இருந்தது. காணாமல் போவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வீட்டுக்கு வந்தபோது மறந்துவிட்டுப் போனது. உள்ளே ஒரு டப்பாவில் போட்டுக் கழற்றிய உறைகள், ஒன்று முதல் ஒன்பது வரை. பத்திலிருந்து கடைசி வரை எல்லாம் கவர் கூடப் பிரிக்காமல் அப்படியே இருந்தன. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். திருட்டுக் கழுதை, அத்தைக்கே டிமிக்கி கொடுத்திருக்கு என்று அவளும் சிரித்தாள். எத்தனை மாதத்துக்குப் பிறகு அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம். தங்கையை வம்புக்கு இழுக்கலாம் என்று மோட்டார் காயில் கட்டும் என் கடையைக் கூடத் திறக்காமல் பையை வண்டியில் மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

மேஜை மேல் பையைக் கவிழ்த்து, உன் மருமகளின் லட்சணத்தைப் பார் என்றேன். தங்கை சிரிக்கவில்லை. பத்தாம் எண் கவரை எடுத்து ஒட்டு பிரிந்திருக்கிறதா என்று நான்கு பக்கமும் பார்த்தாள். வெளியே காத்திருந்தவர்களைப் போகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினாள். கம்ப்யூட்டரில் என் மகளின் பல் வரிசை வந்தது. முத்துக் கோத்தது போல அழகாக இருந்தது. எனக்கு யார் பல்லோ என்றுதான் தோன்றியது.

“போலீஸுக்கு இதைத்தான் குடுத்தேன் அண்ணா, கடைசி அச்சு. இப்ப அவ பல்லு இப்படித்தான் இருக்கும்னு நினைச்சேன். இப்படி ஒரு வாய் அவளுக்கு இருந்ததே இல்ல.”

எனக்கு முதலில் மண்டையில் ஏறவில்லை. அவள் திரையின் அடியில் இருந்த கோட்டைப் பின்னோக்கி இழுத்தாள். பற்கள் நகர்ந்தன. முன்பல் இரண்டும் மெல்ல வெளியே வந்து, ஒன்றின் மேல் ஒன்று சாய்ந்தன. ஒன்பதில் நிறுத்தினாள். பாதி சரியாகி, பாதி முயலாகவே என் பெண் அங்கே இருந்தாள். போலீஸ் ஒப்பிட்டுப் பார்த்தது இந்த வாயை இல்லை.

கம்ப்யூட்டரை அணை என்று கத்தினேன். நம் பெண் இல்லை என்று சொல்லிவிட்டார்கள், அது அப்படியே இருக்கட்டும், நீயும் நானும் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்றேன். அண்ணியின் முகத்தைப் பார்த்தாயா, திரை தைத்துக்கொண்டிருக்கிறாள் என்றேன். கெஞ்சினேன் என்றுதான் சொல்ல வேண்டும். தங்கை கம்ப்யூட்டரை அணைக்கவில்லை.

“அது அவளா இருந்தா, யாருமில்லாதவ மாதிரி கிடப்பாளே அண்ணா.”

உறைகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டேன். பையைத் திரும்ப எடுத்துக்கொண்டு தங்கையோடு கிளம்பினேன்.

பிணவறை டாக்டரின் அறையில் பினாயில் நாற்றம். அவர் நல்ல மனிதர், உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தார். யாரும் உரிமை கோராததால் உடலை அடக்கம் செய்தாகிவிட்டது, எண் போட்ட பலகை நட்டிருக்கிறது என்று தேதியைச் சொன்னார். பல்லை மட்டும் அளவெடுத்து அச்சு செய்து வைத்திருப்பதாகச் சொன்னார். எதற்காகக் கேட்கிறீர்கள் என்றார். பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை, என் முன்பற்களைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எழுந்து போய் அலமாரியிலிருந்து ஓர் அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்.

உள்ளே பிளாஸ்டர். தங்கை மூட்டை கட்டி எறிந்தாளே, அதே வெள்ளைப் பிளாஸ்டர். அதை எதிரே வைத்துக்கொண்டு அவள் கடைசி எண் உறையை முதலில் பொருத்திப் பார்த்தாள். உட்காரவே இல்லை, தூக்கிக்கொண்டு நின்றது. இல்லை பார், இல்லை பார் என்று என் மனசு குதித்தது. அடுத்ததும் உட்காரவில்லை, அதற்கு அடுத்ததும் இல்லை. கவர்களைக் கிழித்துக் கிழித்துக் கீழ் எண்ணுக்கு வந்துகொண்டே இருந்தாள். பத்தாவது உறை முன்பற்களில் மட்டும் கொஞ்சம் எழும்பி நின்றது. வாழ்நாளில் நான் கும்பிட்டதெல்லாம் அந்த எழும்பி நின்ற இடத்துக்காகத்தான் என்று தோன்றியது.

ஒன்பதாவது உறையை வைத்து இரண்டு கட்டைவிரலாலும் அழுத்தினாள். இறுக்கமாக இறங்கி, டக் என்று சத்தம் கேட்டது.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும். வீட்டில் இருந்தவரை தினமும் சாப்பிட்டுக் கைகழுவிய பிறகு கண்ணாடி முன்னால் நின்று அவள் அழுத்துவாள், டக் என்று கேட்கும். கொஞ்ச நாள் போடாமல் விட்டுவிட்டுத் திரும்பப் போட்டால் உயிர் போகிற மாதிரி வலிக்குது என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

“கழட்டிடும்மா,” என்றேன். “அவளுக்கு வலிக்கும்.”

தங்கை அதைக் கழற்றப் பார்த்தாள், விரல்கள் வழுக்கின. அப்படியே மேஜையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள். அச்சை நான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, கடைவாய்ப் பக்கமிருந்து மெதுவாக நெம்பி எடுத்தேன். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார். அவர் சொன்ன தேதி அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்குத்தான் என் மனைவி எழுந்து குளித்து, அடுப்பைப் பற்றவைத்தாள். நாங்கள் இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து, போதும் போதும் என்கிற வரை சாப்பிட்டோம்.

சட்டைப்பையில் போன் அடித்தது. மனைவிதான். திரையை மாட்டிவிட்டதாகச் சொன்னாள், கொஞ்சம் நீளம் கூடிவிட்டதாம், வந்து பார்த்துச் சொல்லுங்கள் என்றாள். நாத்தனார் என்ன சொன்னாள், பெண்ணை நன்றாகத் திட்டினாளா என்று சிரித்துக்கொண்டே கேட்டாள்.

வந்து சொல்கிறேன் என்றேன்.