தாய்ச்சரக்கின் பெயர்

விடியுமுன்பே இரத்மலானைத் தொழிற்சாலையில் நாங்கள் பீப்பாய் உருட்டத் தொடங்கிவிடுவோம். பீப்பாயில் வரும் மண்ணிறத் தூளைக் கொதிகலனில் கொட்டி அமிலம் சேர்த்தால், காய்ச்சல் மாத்திரைக்கான வெள்ளை மருந்து படியும். வெள்ளையைப் ‘பிள்ளை’ என்போம். தூளைத் ‘தாய்’ என்போம். பீப்பாயில் எழுதியிருக்கும் தூளின் உண்மைப் பெயரை முதலாளி சண்முகலிங்கம் சுரண்டிவிட்டுத்தான் பீப்பாயை உள்ளே விடுவார். பிள்ளை காய்ச்சலைத் தணிக்கும். தாய் தொண்டையை அறுக்கும்.

அன்று மின்வெட்டு. ஜெனரேற்றர் கொதிகலனுக்கு மட்டும் ஓடியது. தூசியை வெளியே இழுக்கும் காற்றாடி நின்றுவிட்டது. தூள் அள்ளிக்கொண்டிருந்த கொட்டாஞ்சேனைக் கொன்ஸ்ரன்ஸ் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

“நாகேஸ், தலை சுத்துதடி. என்ர சொண்டு எப்படி இருக்கு?”

“நீலமா இருக்கு.”

“சல்லியில்லாமல் லிப்ஸ்ரிக்!” என்று சிரித்தாள். சிரித்தபடியே சரிந்தாள்.

ஆஸ்பத்திரியில், எதனால் வந்தது என்று டொக்டர் சிங்களத்தில் கேட்டார். எங்களோடு வந்த தொழிற்சாலைத் தோழி ஸைனம்புவுக்குத்தான் சிங்களம் வரும். பதற்றத்தில் எங்கள் சொல்லையே மாற்றிச் சொன்னாள்: “அம்மாகென்.” தாயிடமிருந்து. பரம்பரை இதயநோய் என்று அவர் எண்ணிவிட்டார். தவறு விளங்கி முதலாளிக்கு ரெலிபோன் எடுத்தால், “ஏதோ தூள்” என்று வைத்துவிட்டார். மத்தியானம் கொன்ஸ்ரன்ஸ் போய்விட்டாள். பெயர் தெரிந்திருந்தால் மாற்று மருந்து கொடுத்திருக்கலாம் என்றார் டொக்டர்.

அடக்கம் முடிந்த மறுநாள் காலை முதலாளியிடம் பெயரைக் கேட்டோம்.

“பேர் தெரிஞ்சு என்ன, சம்பந்தம் பேசப் போறியளோ? சண்டைக்காலம். கெமிக்கலின்ர பேரை வாயில எடுத்தால் செக்பொயின்ற்றில குண்டுக்காரர் எண்டு உங்களைத்தான் பிடிச்சு ஏத்துவாங்கள்.”

“டொக்டரிட்டயாவது சொல்லியிருக்கலாமே, ஐயா?”

“நானும் தமிழன்தானே, பிள்ளை. எனக்குப் பயமில்லையோ?”

அந்தப் பயம் பொய்யல்ல.

எங்களோடு தூள் அள்ளும், தமிழ் தெரியாத சோமாவதி அக்கா, நடந்த பேச்சை ஸைனம்புவிடம் விசாரித்தார். கேட்டு முடித்ததும் தூள் அள்ளும் சவளை எறிந்துவிட்டு நிலத்தில் உட்கார்ந்தார்.

“நம கியனகங் அல்லன்னே நே.”

ஸைனம்பு இம்முறை ஒவ்வொரு சொல்லாக நிதானித்தாள். “பேர் சொல்லும் வரைக்கும் தொடமாட்டாவாம்.”

நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். பிறகு ஸைனம்பு. பிறகு எல்லோரும்.

“வேலைக்கு ஆக்கள் கேற்றடியில நிக்கினம்!” என்று கத்தினார் முதலாளி.

“அவைக்கும் பேரைச் சொல்லித்தான் குடுக்கவேணும், ஐயா,” என்றேன்.

அவர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். ரெலிபோன் சுழற்றும் சத்தம் கேட்டது. பொலிசுக்கா, சரக்கு அனுப்புபவருக்கா, தெரியவில்லை. ஸைனம்பு என் கையைப் பிடித்தாள். கொதிகலன் ஆறிக்கொண்டிருந்தது. ஒருவரும் எழும்பவில்லை.