மூன்று எழுபத்தைந்து

புதுக்கடை சந்திப்பில் கேக் கடை போட்டபோது ஷைஜா மாவுக்கும் அடுப்புக்கும் பேரம் பேசினாள். போன் நம்பருக்கு மட்டும் பேசவில்லை. கடைசியில் எழுபத்தைந்து மூன்று தடவை வரும் ஃபேன்சி நம்பர். இந்தப் பக்கத்து வண்டியெல்லாம் டி.என். எழுபத்தைந்து, ஒரு தடவை கேட்டவனுக்கு மறக்காது. பதினைந்தாயிரம் கொடுத்தாள். நம்பர் விற்ற நாகர்கோவில்காரன் அனுப்பிய குறியீட்டு எண்ணைக் காட்டி, ஆதாரும் கைரேகையும் கொடுத்து நம்பரைத் தன் பேருக்கு மாற்றினாள். கடை போர்டு, கேக் டப்பா, சபையின் அசன விருந்து நோட்டீஸ் என்று கண்ட இடத்திலெல்லாம் அச்சடித்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டது அப்போது தெரியவில்லை.

முதல் வாரம் கூப்பிட்டவர்கள் கேக் கேட்கவில்லை. விசா ஏஜென்ட் எங்கே என்று கேட்டார்கள். ஆட்களை வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டுத் தலைமறைவான ஒருவனிடம் முன்பு இருந்த நம்பராம். சிலர் திட்டினார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாதது ஒரே ஓர் ஆளைத்தான். மகள் பெமிலாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டுக் கடை திறக்கிற நேரத்தில் தினமும் கூப்பிடுவார். சற்று நேரம் மூச்சு மட்டும் கேட்கும். பிறகு, "லைன் உண்டு. போதும்" என்று வைத்துவிடுவார்.

யார் என்று கேட்பதற்குள் லைன் துண்டிக்கும். பிளாக் செய்தாள், வேறு நம்பரிலிருந்து வந்தார். கொச்சியில் வேலை பார்க்கும் கணவன் ஜேசுதாஸ், ஏதோ கிறுக்கன் என்று சிரித்தான். கொச்சியில் இருந்துகொண்டு சிரிக்க என்ன செலவு? இங்கே வேன் கொஞ்சம் தாமதித்தாலே அவள் ரோட்டுக்கு ஓடினாள். ஒருநாள் அந்தக் குரல் கூடுதலாக ஒன்று கேட்டது: கடை எங்கே இருக்கிறது?

ஷைஜா போனை வைத்தாள். அப்போதே கடையைப் பூட்டிவிட்டு போன் கம்பெனி அலுவலகத்துக்குப் போனாள். துண்டித்தால் இந்த நம்பர் திரும்பக் கிடைக்காது என்று அங்கிருந்த பெண் இரண்டு தடவை சொன்னாள். காசு போனால் போகட்டும், பிள்ளை இருந்தால் போதும் என்று கையெழுத்துப் போட்டாள். சாயங்காலம் சிம் செத்தது. அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினாள்.

மறுநாள் காலை, வயதான ஒருவர் மூச்சு வாங்கக் கடைவாசலில் வந்து நின்றார். வாயைத் திறந்ததுமே குரல் தெரிந்துவிட்டது. ஷைஜா கேக் வெட்டும் கத்தியை இறுகப் பிடித்தாள்.

"நம்பரை ஏன் மக்களே ஆஃப் பண்ணின?"

அவர் திருவட்டாறு ஞானையன்; அசன விருந்து நோட்டீஸில் நம்பரைப் பார்த்துக் கடையைத் தேடிப் பிடித்திருந்தார். மகன் ஷிபினை அனுப்பியது அந்த விசா ஏஜென்ட்தான். போன இடத்தில் முதலாளி அவன் போனைப் பிடுங்கிக்கொண்டான். தப்பி வந்த கூட்டாளி ஒருவன் சொன்ன தகவல் இது: வீட்டு நம்பர் ஒன்றும் ஷிபினுக்கு மனப்பாடம் இல்லை. அவன் பைக்கும் எழுபத்தைந்து என்பதால் ஏஜென்டின் நம்பர் மட்டுமே நினைவில் நிற்கிறது. எவனாவது ஒரு நிமிஷம் போன் கொடுத்தால் அதற்குத்தான் கூப்பிடுவான்.

முதல் நாளே இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று ஷைஜா கத்தினாள்.

"சொன்னா, இதென்ன வம்புன்னு நீயும் நம்பரை நிறுத்திருவியோன்னு பேடிச்சேன் மக்களே. அவன் கூப்பிட்டா எங்க இருக்கான்னு மட்டும் கேட்டு வையின்னு நேர்ல சொல்லத்தான் கடை எங்கன்னு கேட்டேன். பரவாயில்ல. இப்ப ஆன் பண்ணு."

அவள் கத்தியை வைத்துவிட்டு, செத்த சிம்மைக் கழற்றித் திரும்பவும் போனில் போட்டாள். இனி திரும்பாத நம்பர் என்று சொல்லாமல், போனை அவர் முன்னால் வைத்தாள். ஞானையன் பெஞ்சில் உட்கார்ந்து, மணி அடிக்கும் என்று போனையே பார்த்துக்கொண்டிருந்தார்.