நாகஜோதி படியிறங்க ஒரு காரணம்

1

கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கப் போன இடத்தில் இந்தக் கதை கிடைத்தது. கிடைத்தது என்பதுகூடச் சரியில்லை. காளவாசலில், தரைக்குக் கீழே இருந்த ஓர் அச்சகத்தில், காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின் முனகிக்கொண்டிருந்தது. ஒரு பெண் வந்து அதன் தொட்டியை உருவி, தண்ணீரை வாளியில் ஊற்றினாள். போகிற போக்கில் அச்சகக்காரரிடம் ஏதோ சொன்னாள். அவர் சிரித்தார். நான் பார்த்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் (பெயர்கள் உட்பட) நானாகச் சேர்த்தது.

2

முதலில் எழுதிய தொடக்கம்: ‘மழைக்காலம் வந்தால் அச்சகக்காரர் முத்துப்பாண்டியின் பத்திரிகை அட்டைகள் வளைந்துவிடும், அதனால்தான் அவர்…’

வேண்டாம். மெஷின் விற்பவர் எழுதியது போல இருக்கிறது.

இப்படித் தொடங்குகிறேன். மாடியில் வீடு, கீழே அச்சகம். தொட்டி நிரம்பினால் ஈரம் உறிஞ்சும் மெஷின் நின்றுவிடும், அட்டை நமத்துப்போகும். அதனால் முத்துப்பாண்டியின் மனைவி நாகஜோதி காலையும் மாலையும் முழங்கால் வலியோடு இறங்கி வருவாள். வந்தவள் உடனே போகமாட்டாள். அடித்து வைத்த பத்திரிகையை எடுத்துச் சத்தமாக வாசிப்பாள்.

“ஏங்க, அம்புட்டுப் பேரையும் போட்டுட்டு தாய்மாமனை விட்டுட்டாகளே! மண்டபத்துல அடிதடிதான்.”

“அவுக எழுதிக் குடுத்ததே அப்படித்தான்.”

“போன் போட்டுக் கேளுங்க. சீர் தூக்கிட்டு வர்ற மனுசன் பேரு இல்லாம ஒரு பத்திரிகையா?”

கேட்டார். மறந்துதான் போயிருந்தார்கள்.

3

முழங்கால் வலியை முத்துப்பாண்டி கவனித்துவிட்டார். மெஷினின் பின்னால் குழாய் மாட்ட ஒரு துளை இருந்தது. ஆனால் சாக்கடை தெருமட்டத்தில். தண்ணீர் தானாக மேலே ஏறாது. எனவே தண்ணீர் விழ ஒரு டப்பா, அது நிரம்பியதும் ஓடும் குட்டி மோட்டார், சுவரோரமாக மேலேறும் குழாய். ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து அவரே பொருத்தினார். (அவர் முகத்திலிருந்த பெருமையைப் பற்றி ஒரு பத்தி எழுதினேன். கேலி செய்வது போல வந்ததால் அடித்துவிட்டேன்.)

“இனிமே நீ படியிறங்க வேணாம். தண்ணி தானாப் போயிரும்.”

“வலிக்குதுன்னு நான் சொன்னேனா?”

“மொகத்தப் பாத்தாத் தெரியாதா?”

“இம்புட்டு வருசத்துல இப்பத்தான் பாத்தீகளாக்கும்!”

சிரித்துக்கொண்டேதான்* சொன்னாள். மறுநாள் வரவில்லை. அதற்கு மறுநாளும்.

* இந்தச் சொல்லைப் பலமுறை அடித்து, பலமுறை திரும்ப எழுதினேன். அவளுக்குக் கோபமில்லை.

4

இங்கே வெகுநாள் நின்றுவிட்டேன். கோபமில்லையென்றால் ஏன் வரவில்லை? வேலையில்லாமல் கீழே போய் நிற்க அவளுக்குக் கூச்சம். மகளைக் கட்டிக்கொடுத்த வயதிலுமா? ஆமாம் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கும் அதே கூச்சம். வாளி இருந்தவரை பேச்சும் வேலையோடு சேர்ந்தே நடந்துவிட்டது. இப்போது சாப்பாட்டு நேரத்தில் உப்பு போதுமா என்பதோடு முடிந்துவிடுகிறது.

5

ஒரு முடிவு: மோட்டார் கெட்டுப்போகிறது, அவள் மறுபடி வாளியோடு வருகிறாள். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு இதை எழுத எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்று: வேறொரு பத்திரிகையிலும் தாய்மாமன் விடுபடுகிறார், சண்டை வருகிறது, முத்துப்பாண்டி மனைவியைக் கூப்பிடுகிறார். வாசகர்களுக்குப் பிடிக்கும். ஆனால் பிழை பார்க்கவா அவள் வேண்டும்?

ஒருவர் படியிறங்கக் காரணம் வேண்டும் என்று நம்பித்தான் இவ்வளவு தூரம் எழுதினேன். அவர்களும் அப்படி நம்பித்தான் ஆளுக்கொரு தளத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். வலி அவளுக்குத்தானே, அவர் ஏறிப் போனால் என்ன என்று எனக்கும் இத்தனை நேரம் தோன்றவில்லை.

ஆகவே எதுவும் கெடவில்லை. மோட்டார் ஓடுகிறது, அட்டைகள் வளையாமல் இருக்கின்றன. வேலை பாதியில் கிடக்க, முத்துப்பாண்டி கையில் மையோடு மாடியேறி அடுக்களை வாசலில் நிற்கிறார்.

“என்னங்க இந்நேரத்துல? என்ன வேணும்?”

அவருக்கு ஒன்றும் வேண்டியதில்லை. அதை எப்படிச் சொல்வதென்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்களோ, அதை இங்கே எழுதிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சீக்கிரம். அவள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள்.