இரண்டு விரல் இடைவெளி

அன்று காலை என் கணவர் என் குடையை ஜன்னல் கம்பியோடு சேர்த்து மூன்று இடத்தில் கட்டி வைத்திருந்தார். நான் வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம்தான் இருந்தது. குடை மட்டுமா? கரண்டிகள் அளவுவாரியாக ஒரு கட்டு, என் செருப்பு ஜோடி ஒரு கட்டு, குளியலறைக் குழாயும் வாளிக் கைப்பிடியும் ஒரு கட்டு. எல்லாம் கேபிள் டை; வாலைத் தலைக்குள் விட்டு இழுத்தால் பல்லில் பூட்டிக்கொண்டு திரும்பி வராத பிளாஸ்டிக் பட்டை. முப்பத்தொரு வருடம் அலுவலகக் கட்டடங்களில் கம்ப்யூட்டர் வயர் இழுத்து, அடுக்கி, கட்டி வந்த மனிதர். இரண்டு வருடமாக மறதி நோய். என் பெயர் போய்விட்டது, மகள் இருக்கும் ஊர் போய்விட்டது, இப்போது சாப்பிட்டது இப்போதே போய்விடுகிறது. கேபிள் டை மட்டும் போகவில்லை. ஒளித்து வைத்தால் வீடு முழுக்கத் தேடி அழுவார். தொலையட்டும் என்று ஒரு கைப்பிடி கொடுத்துவிடுவேன். அவர் கட்டுவார், நான் அவிழ்ப்பேன், மறுநாள் அதையே திரும்பக் கொடுப்பேன். எங்கள் குடித்தனம் நடக்கும் லட்சணம் இதுதான்.

முதலில் காய் நறுக்கும் கத்தியால் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கத்தி வழுக்கி ஃபிரிட்ஜ் வயரின் தோலைச் சீவியது. இன்னொரு நாள் குழாயில் அரைகுறையாய் வெட்டிவிட்ட டையின் நுனி பிளேடு மாதிரி நின்று அவர் முழங்கையைக் கீறிவிட்டது. ரத்தத்தைத் துடைத்துக்கொண்டிருந்த என்னிடம், பழைய மேஸ்திரிக் குரலில் அதட்டினார். "வெட்டாதே. தலைக்குள்ள சின்னதா ஒரு நாக்கு இருக்கு. வாலைக் கொஞ்சம் உள்ளே தள்ளு, நாக்கு தளரும். அப்புறம் ஊசியால அதைத் தூக்கிட்டு இழு." என் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றிச் செய்தும் காட்டினார். வழுக்கினாலும் குத்தாதபடி ஊசி முனை உடம்புக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டுமாம். பல் வெளுத்துப்போனதைத் தூக்கிப்போட வேண்டுமாம். எடை தொங்கும் இடத்துக்குப் பழசு ஆகவே ஆகாதாம். என் பெயரைக் கேட்டேன். விழித்தார்.

நான் ஒரு லாட்ஜில் சலவைப் பிரிவில் இருக்கிறேன். அங்கே அழுக்குத் துணி மூட்டைகளின் வாயைக் கேபிள் டையால்தான் கட்டி அனுப்புவார்கள். மற்றவர்கள் வெட்டி எறிவார்கள். நான் ஊக்கால் அவிழ்த்துப் பையில் சேர்ப்பேன். என்னை ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நான் இல்லாத நேரத்தில் மாடி வீட்டு அக்கா வந்து அவரோடு உட்கார்ந்திருப்பார். தனியாக விட்டால் இவர் கிளம்பிவிடுவார். ஒருமுறை பூட்டிவிட்டுப் போய்ப் பார்த்தேன். கீல் திருகாணிகளைக் கழற்றி, கதவைச் சுவரில் பதவிசாகச் சாய்த்து வைத்துவிட்டுப் போயிருந்தார். ஏதோ ஓர் அலுவலகத்தின் நான்காவது மாடியில் வயர்களைக் கட்டிக்கொண்டிருந்தவரை மத்தியானம் வரை யாரும் சந்தேகப்படவில்லையாம். வேலை அவ்வளவு சுத்தம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. திரும்பும் வழியில், அவர் தனியாகக் கடந்து வந்திருந்த இரண்டு பெரிய சாலைகளைத் தாண்டினோம். அதற்குப் பிறகு சிரிப்பு வரவில்லை.

குடையைக் கட்டிவைத்த அன்றைக்கு அக்காவுக்கு முட்டிவலி, ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டார். எனக்கோ அந்த மாதத்தில் ஏற்கெனவே நான்கு நாள் லீவு ஆகிவிட்டது. இன்னொரு நாள் வரவில்லை என்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சூப்பர்வைசர் முகத்துக்கு நேராகவே சொல்லியிருந்தார். சமையலறையில் நின்று மகளுக்குப் போன் போட்டேன். அவளால் என்ன செய்ய முடியும், ஐநூறு மைல் தள்ளி இருக்கிறாள். "உங்கப்பாவைக் கட்டிப்போட்டுட்டுப் போனாத்தான் உண்டு" என்று கத்திவிட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. அலுத்துப்போன வாய்க்கு ஏது கதவு.

போனை வைத்துவிட்டு வந்தால், கூடத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இடது மணிக்கட்டு நாற்காலிக் கையோடு கட்டப்பட்டிருந்தது. ஒற்றைக் கையால் போட்டு, வாலைப் பல்லால் கடித்து இழுத்திருக்கிறார். விரல்கள் சிவந்து கறுக்க ஆரம்பித்திருந்தன.

கத்தியை எடுக்கத்தான் ஓடினேன். பாதியில் நின்றுவிட்டேன். தோலுக்கும் டைக்கும் நடுவில் நூல் நுழைய இடமில்லை. கத்தி வழுக்கினால் நரம்பு. பழைய அட்டைத் துண்டு ஒன்றை எண்ணெய் தொட்டு மெல்ல உள்ளே செருகினேன். கீழ்ப்பக்கம் மாட்டியிருந்த டையின் தலையைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே திருப்பினேன். வாலை உள்ளே தள்ளி, ஊக்கை நுழைத்து, நாக்கைத் தூக்கினேன். அவர் கையை அசைக்காமல் வைத்திருந்தார். டை கழன்று வந்ததும் மணிக்கட்டைச் சுற்றிப் பல் பல்லாகத் தடம். நான் அதைத் தேய்த்துவிட்டுக்கொண்டே தரையில் உட்கார்ந்து அழுதேன்.

"நீ வேலைக்குப் போ. நான் எங்கயும் போகமாட்டேன்" என்றார். குரல் தெளிவாக இருந்தது. என்னை அடையாளம் தெரிந்து, பார்த்துப் பேசினார். எத்தனை மாதம் ஆயிற்று அப்படிப் பார்த்து. "நான்தான் இறுக்கிட்டேன். ரெண்டு விரல் போற மாதிரி விட்டு நீ கட்டு."

மாட்டேன் என்றேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார். கடிகாரத்தைப் பார்த்தேன். தாகம் எடுத்தால்? ஒன்றுக்கு வந்தால்? ஏதாவது தீப்பிடித்தால்? போகாவிட்டால் அடுத்த மாதம் மாத்திரை? சாண் ஏறினால் முழம் சறுக்கும் வாழ்க்கையில் யோசித்து என்ன ஆகப்போகிறது. மத்தியானம் அரை மணி ஓடி வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தண்ணீரையும் தட்டையும் வலது கைக்கு எட்டுகிற மாதிரி வைத்தேன். அவர் பலமாக இழுத்தால் அறுந்துகொள்ளட்டும் என்று, வெளுத்த பழைய டை ஒன்றைத் தேடி எடுத்தேன்.

வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பல் தேஞ்சது. தாங்காது. புதுசை எடு."

புதுசை எடுத்தேன். மணிக்கட்டில் துண்டைச் சுற்றி, அதன்மேல் போட்டு, இரண்டு விரல் விட்டு இழுத்தேன். தானும் விரல் விட்டுச் சரிபார்த்துக்கொண்டார். தலையாட்டினார். நான் அவர் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். ஒரு காலில் செருப்பு மாட்டியாயிற்று.

"ஏம்மா, கொஞ்சம் நில்லுங்க."

திரும்பினேன். தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். வழியில் போகிற யாரோ ஒருத்தியைக் கேட்பதுபோல மரியாதையாகக் கேட்டார்.

"இதை யாரு கட்டினது? நல்லாத்தான் கட்டியிருக்காங்க. ஆனா, எதுக்காம்?"

ஒரு கால் செருப்போடும் ஒரு கால் வெறுங்காலோடும் நின்றேன். அவர் முகத்தில் கோபமே இல்லை. பதில் வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.