ஆமையோட்டு மூடி

கைதட்டல் என்றால் சிவரஞ்சனிக்குப் பிடிக்கும். புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியில் அவள் வரலாறு கற்பிக்கிறாள். பழம்பொருள் ஆய்விலும் பட்டம் வாங்கியவள். அதனால் கல்லூரியில் பழம்பொருள் கண்காட்சி வைத்தபோது, ஊர் மக்கள் கொண்டுவரும் சாமான்களில் எது அசல், எது போலி என்று மேடையிலேயே சோதித்துச் சொல்லும் பொறுப்பை அவளிடம் விட்டார்கள். அன்று காலையிலிருந்தே கூட்டம் அவள் பேச்சில் சொக்கிப் போயிருந்தது.

மதியத்துக்கு மேல் கோட்டைப்பட்டினத்திலிருந்து ஜெய்னுலாப்தீன் வந்தார். எழுபதைத் தாண்டியவர், ஒரு காலத்தில் கருவாட்டு வியாபாரி. சொந்தபந்தங்களை ஒரு வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். கைக்குட்டையைப் பிரித்து ஒரு சுருட்டுப் பெட்டியை மேசையில் வைத்தார். உள்ளங்கையில் அடங்குகிற பெட்டி. தேன் நிறத்தில் கரும்பழுப்புத் திட்டுகள். மூடியில் வெள்ளிக் கம்பியால் பதித்த சின்னப் பிறை.

“அழுங்காமை ஓடுங்க” என்றார் மைக்கில். “எங்க அத்தா கொழும்புத் தோணியில போயிக்கிட்டிருந்தப்ப, தண்ணிக்குள்ள விழுந்த ஒரு யாவாரியத் தூக்கிக் கரையேத்துனாரு. அந்த ஆளு மோதிரத்தக் கழட்டிக் குடுத்தாராம், இவரு வேணாம்னுட்டாரு. அப்பறம் தேடி வந்து இதக் குடுத்தாரு.”

அவர் பேசப் பேச, வேனில் வந்தவர்களின் உதடுகளும் கூடவே அசைந்தன. எத்தனையோ தடவை கேட்ட கதை.

சிவரஞ்சனி சோதனைக்கென்று வைத்திருந்த ஊசியை விளக்கில் பழுக்கக் காய்ச்சினாள். தழும்பு வெளியே தெரியக் கூடாது என்று பெட்டியைத் திருப்பி, அடிப்பக்கத்து ஓரத்தில் ஒரு நொடி தொட்டாள். குப்பென்று கற்பூர வாசனை எழுந்தது.

“ஆமையோடா இருந்தா முடி பொசுங்குற நாத்தம் வரும். இது கற்பூர வாசனை. செல்லுலாய்டு. பிளாஸ்டிக்குக்குத் தாத்தா!” என்றாள். “முழுக்க முழுக்கப் போலி. கத மட்டும் நல்லா இருக்கு.”

மாணவர்கள் சிரித்தார்கள். கைதட்டல் அரங்கை நிறைத்தது. ஜெய்னுலாப்தீன் கையை உயர்த்தி, “அம்மா, அடிப்பக்கம் வந்து...” என்று ஆரம்பித்தார்.

“ஐயா, பின்னாடி நெறைய பேரு காத்திருக்காங்க” என்று பெட்டியை அவர் கையில் திணித்துவிட்டு, அடுத்து வந்த பித்தளை விளக்கை எடுத்துக்கொண்டாள்.

கண்காட்சி மலருக்காகப் புகைப்படங்களைக் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். பெட்டியின் அடிப்பாகத்தில் திட்டுகள் வண்ணம் ஊற்றியது போல வழவழவென்று ஓடின. ஓரத்தில் அச்சில் வார்த்த கோடு தெரிந்தது. அது போலிதான். ஆனால் மூடியில் இருந்த ஒவ்வொரு திட்டும் பொடிப்பொடிப் புள்ளிகள் கூடி உண்டானது. ஓரங்கள் புகை மாதிரி கலைந்திருந்தன. அசல் ஆமையோட்டில் மட்டுந்தான் அப்படி இருக்கும். உடைந்துபோன அடிப்பாகத்தை யாரோ மாற்றியிருக்கிறார்கள். மாற்றிய இடத்தில் ஊசியை வைத்துவிட்டு மொத்தத்தையும் போலி என்று சொல்லிவிட்டோம்! மூடியை அவள் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஆமையோடு என்றால் விற்கவோ வாங்கவோ கூடாது, வைத்திருப்பதற்கே வனத்துறை கேள்வி கேட்கும், போலி என்று இருப்பதுதான் அந்த மனிதருக்கு நல்லது என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். அது சமாதானம் இல்லை, சாக்கு என்று அவளுக்கே தெரியும். மலரிலிருந்து அந்தப் படத்தை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிட்டாள்.

ஒரு நாள் வகுப்பில் போலிகளைப் பற்றிப் பேசும்போது, பின்வரிசையிலிருந்து இலக்கியா என்ற மாணவி, “கோட்டப்பட்டினம் பெட்டி மாதிரிங்களா மேடம்?” என்றாள். வகுப்பே கொல்லென்று சிரித்தது. சிவரஞ்சனிக்குக் காது மடலெல்லாம் எரிந்தது. அந்தச் சனிக்கிழமையே கோட்டைப்பட்டினத்துக்கு பஸ் ஏறினாள்.

கதவைத் திறந்தவர் ஜெய்னுலாப்தீனின் மனைவி ரசியா பேகம். இவளைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “நீங்கதானா? வாங்க” என்றார். நாற்காலியைக் காட்டினார். தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். முகத்தில் மட்டும் ஒரு சிரிப்பும் இல்லை.

“ஐயா இல்லைங்களா?”

“உள்ளதான் கெடக்காக. இப்பல்லாம் டீக்கடப் பக்கமே போறதில்ல. அங்கேருந்து வந்த மறுநாளு எறங்கிப் போயி, கதயச் சொல்லியிருந்த ஆளுககிட்டல்லாம் ஒருத்தரு விடாம மன்னிப்புக் கேட்டுட்டு வந்தாக. பொய்யச் சொல்லிப்புட்டேன், மனசுல வச்சுக்காதீங்கன்னு. அத்தாவ அடக்குன மையத்தாங்கரைக்கும் போறதில்ல. அவுக அத்தா மவுத்தானதுலேருந்து வெள்ளிக்கெழம ஒண்ணுகூடத் தவறுனதில்ல. இப்பப் போக மாட்டேங்குறாக.”

சிவரஞ்சனியால் தலையை நிமிர்த்த முடியவில்லை. ஜெய்னுலாப்தீன் வந்து எதிரே உட்கார்ந்தார். ஆள் பாதியாக இளைத்திருந்தார். கோர்வையாகப் பேச வேண்டும் என்று வழி நெடுக யோசித்து வந்ததெல்லாம் மறந்துபோயிற்று.

“ஐயா, நான் சொன்னது தப்பு. மூடி அசல் ஆமையோடு. அடி மட்டுந்தான் மாத்துனது.”

அவர் அவளையே பார்த்தார். “மாத்துனதுதான். கொழும்புலயே கீழ விழுந்து ஒடஞ்சிருச்சு. அத்தாதான் வேற அடி போட்டு வாங்குனாரு. அதத்தானம்மா மேடையில சொல்ல வந்தேன்.”

“நான் சொல்ல விடல” என்றாள். “ஆனா, தெரிஞ்சிருந்தும் ஏங்க மன்னிப்புக் கேட்டீங்க?”

“நீங்க முழுக்கப் போலின்னு மைக்குல சொன்னீங்களே. படிச்சவுக சும்மா சொல்லுவீகளா? வேன்ல வரயிலயே எனக்கு ரோசன ஓடிருச்சு. அடிய மாத்துன மனுசன் மூடியயும் மாத்தியிருப்பாரோ, கதயயும் கட்டித்தான் விட்டாரோன்னு. பெத்த அத்தாவையே நம்பாமப் போயிட்டேன்.”

ரசியா பேகம் அடுப்படியிலிருந்து பெட்டியை எடுத்துவந்தார். கணவர் தூக்கி எறியச் சொன்னாராம், இவர்தான் எறிய மனமில்லாமல் அதில் ஊக்குகளைப் போட்டு வைத்திருந்தார். சிவரஞ்சனி ஜன்னல் பக்கம் போய் மூடியை லென்சில் நின்று நிதானமாகப் பார்த்தாள். சந்தேகமே இல்லை. வனத்துறை சமாச்சாரத்தையும் அவள் மறைக்கவில்லை. தகவல் சொல்லித்தான் ஆக வேண்டும், எடுத்துக்கொண்டு போனாலும் போவார்கள் என்றாள்.

“போகட்டும். அசல்னு எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கிட்டுப் போகட்டும்” என்றார் ஜெய்னுலாப்தீன்.

“இன்னொண்ணு” என்றாள் சிவரஞ்சனி. “உங்க அத்தா சொன்ன கத நெசம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா பொய்யின்னு சொல்றதுக்கும் எங்கிட்ட ஒரு ஆதாரமும் கெடையாது. அன்னைக்குக் கத மட்டும் நல்லா இருக்குன்னு சொன்னது என் திமிரு.”

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு, “வாங்க” என்று முன்னால் நடந்தார்.

டீக்கடையில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். வேனில் வந்த முகங்களும் தெரிந்தன. சிவரஞ்சனி பெஞ்சின் ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

டீ ஆற்றிக்கொண்டிருந்த உடையப்பன், “அப்ப அன்னைக்கு ஊசி வச்சு மோந்து பாத்ததெல்லாம்?” என்றார்.

“மோந்து பாத்தது சரிதான். எடந்தான் தப்பு. மூடியப் பாக்கல. இவரப் பேசவும் விடல.”

“இவரு வீடு வீடா வந்து கும்பிட்டாரும்மா” என்றார் ஒரு பெரியவர். “எங்களுக்கே சங்கட்டமாப் போச்சு.”

யாரும் அவளைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஒருவர் எழுந்து இடம் விட்டார், ஒரு டீ வந்தது.

திரும்பும் வழியில் ஜெய்னுலாப்தீன் பள்ளிவாசல் பக்கம் திரும்பினார். மையத்தாங்கரையின் மதில் ஓரம் வந்ததும் அவள், “என்ன மன்னிச்சிருங்க ஐயா” என்றாள்.

“அதுக்கென்னம்மா. நானே ஒருத்தருகிட்டக் கேக்கணும், இருங்க” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அவள் வெளியே நின்றாள். மதிலுக்கு அப்பால் அவர் முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் நின்றார். யாரிடமோ பேசுவது போலத் தலை அசைந்தது. பார்க்கக் கூடாததைப் பார்ப்பது போலக் கூசிப்போய், அவள் முகத்தை ரோட்டுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வெளியே வந்தவர் கண்களைத் துண்டால் ஒற்றிக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“புதுக்கோட்ட பஸ்ஸு போயிரும், வெரசாப் போங்க” என்று சொல்லிவிட்டு வீட்டைப் பார்த்து நடந்தார்.