கண்ணாடிச் சாயம்

நல்லசாமிக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவள் அன்பரசி, இளையது மோரிஸ் மைனர். யார் செல்லம் என்று ஈஜோக் ஊரில் எவரைக் கேட்டாலும் யோசிக்காமல் சொல்வார்கள். அன்பரசிக்குக் காய்ச்சல் என்றால் ஒரு மாத்திரையோடு சரி. மோரிசின் மேல் ஒரு தூசி விழுந்தால் வீடே எழுந்து நிற்க வேண்டும்.

கலும்பாங்கில் ஒரு வீட்டின் பின்னால் கோழிகள் குடும்பம் நடத்திக்கொண்டிருந்த அந்தப் பழைய காரை, அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு வாங்கி வந்தார். அன்றைக்கே மகளிடம் சொன்னார்: "உன் கல்யாணத்தன்னைக்கு அப்பாதான் ஓட்டுவேன். நீ என் பக்கத்துல உக்காந்து கோலசிலாங்கூர் கோயில் வரைக்கும் வர்ற." அப்போது கல்யாணமே வேண்டாம் என்று சொல்லிக்கொண்டிருந்த அன்பரசிக்கும் அந்த வார்த்தை மனதில் ஒட்டிக்கொண்டது. பிறகு மாப்பிள்ளை கிடைத்தான், நாள் குறித்தாயிற்று, கார் எஞ்சினுக்குக்கூட உயிர் வந்துவிட்டது. சாயம் மட்டும் முடியவில்லை.

சுங்கை சோவில் பட்டறை வைத்திருக்கும் டெஸ்மண்ட் ஆரம்பத்திலேயே ஒழுங்காகத்தான் கேட்டான். "அண்ணே, ஓட்டறதுக்கா, பாக்கறதுக்கா?"

"ரெண்டுக்கும்தான்."

"ரெண்டுக்கும் ஒரே சாயம் ஒத்துவராது லா. ஓட்டறதுன்னா நல்லா அடிச்சுத் தர்றேன், கிட்ட வந்து பாத்தா லேசா ஆரஞ்சுத் தோல் மாதிரி இருக்கும். ஃபேக்டரியில வந்தப்பவே அப்படித்தான். பாக்கறதுன்னா கண்ணாடி மாதிரி தேச்சுக் குடுப்பேன். அப்புறம் ரோட்டுல இறக்க உங்களுக்கே மனசு வராது."

நல்லசாமி சிரித்தார். மனசு வராதாம்! ஆயுசு முழுக்க அரசாங்க வேலையில் ஒரு ஃபைலைக்கூடக் கூர்ந்து பார்த்தறியாத மனிதர், டார்ச் லைட்டும் கையுமாகப் பட்டறைக்கு நடையாய் நடந்தார். முதலில் கதவில் ஒரு புள்ளி தெரிந்தது. சுரண்டி மறுபடி அடிக்கச் சொன்னார். அடுத்த முறை, கதவில் தெரியும் தன் முகம் கொஞ்சம் கோணலாக இருக்கிறது என்றார். முகமே அப்படித்தான் என்று சொல்ல டெஸ்மண்டுக்கு நாக்கு நுனி வரை வந்திருக்கும். கிறிஸ்துமஸ் நெருங்கிய நேரம், பொறுத்துக்கொண்டான். கடைசியில் கதவின் முன்னால் பத்திரிகையை விரித்துப் பிடித்து, உள்ளே தெரியும் எழுத்தை இடவலம் மாறிப் படிக்க முடிந்தபோதுதான் நல்லசாமிக்குத் திருப்தி வந்தது.

கார் வீட்டுக்கு வந்தது, வந்ததோடு சரி. வெயில் ஆகாது, மழை ஆகாது, செம்மண் தூசி ஆகவே ஆகாது. மனைவி புஷ்பா துணி காயப்போடும் கொடியைக்கூட இடம் மாற்ற வைத்தார், கிளிப் தெறித்து விழுமாம். கல்யாணத்துக்கு முந்தின வாரம், சாப்பிடும்போது மெதுவாக விஷயத்தை அவிழ்த்தார்.

"மோரிஸ் லோரியில வரும்மா. கார் ஏத்தற லோரிக்குச் சொல்லியிருக்கேன். ரோட்டுல கல்லு கில்லு தெறிக்கும்ல. கோயில் மண்டபத்து வாசல்ல இறக்கி வச்சா எல்லாரும் பாப்பாங்க. நீ மாமாவோட மைவி கார்ல வந்துடு."

"நீங்கப்பா?"

"நான் லோரியில. காரை யாரு பாத்துக்கறது?"

அன்பரசி சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். அழுகை வரவில்லை, அதற்கும் மேலே ஏதோ வந்தது. "மோரிசுக்கு மாலை யாருப்பா போடறது? லோரிக்காரரே போட்டுடுவாரா?" என்றாள். அவர் அதை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டு, மாலையில் ஈரம் இருக்கும், சாயத்துக்கு ஆகாது, வேண்டாம் என்றார்.

கல்யாணத்தன்று காலையில் லோரி வாசலில் வந்து நின்றது. ஆனால் பூஜை போடாமல் ஒரு வண்டியை வெளியே அனுப்புவதா? லோரி மேல் ஏறிப் போகிற வண்டியானாலும் பூஜை உண்டு என்று புஷ்பா ஒற்றைக் காலில் நின்றாள். வீரன் பூசாரி வந்தார். அவர் சந்தனக் கிண்ணத்தில் விரலை விட்டதும் நல்லசாமிக்கு முகம் வெளுத்துவிட்டது.

"சாமி, சாயத்து மேல வேணாம்."

"சந்தனம் வைக்காம பூஜையா? என்னய்யா பேசற?"

நல்லசாமி அதற்கும் வழி வைத்திருந்தார். மீந்த கறியை மூடி வைக்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சமையலறையிலிருந்து சுருளோடு கொண்டுவந்து, காரின் முன்மூடி முழுக்க விரித்தார். ஊரில் எத்தனையோ லோரிக்கும் டிராக்டருக்கும் பொட்டு வைத்த பூசாரி, பிளாஸ்டிக்குக்கு வைப்பது இதுவே முதல் தடவை. பட்டுச் சேலையும் நகையுமாக நின்ற அன்பரசி, தாலி கட்டும்போது என் கழுத்துக்கும் ஒரு தாள் சுற்றச் சொல்வார் போல என்று நினைத்துக்கொண்டாள்.

சூடத் தட்டைச் சுற்றும்போது காற்று வந்தது. தாளின் ஓரம் கிளம்பித் தீயில் பட்டது, அவ்வளவுதான். குப்பென்று பிடித்து, சுருங்கி, உருகி, சாயத்தோடு ஒட்டிக்கொண்டு எரிந்தது. நல்லசாமி தோளிலிருந்த சரிகைத் துண்டை உருவி அடித்தார், தேய்த்தார், வெறுங்கையாலும் தேய்த்தார். தீ அணைந்தது. நட்டநடுவில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு வடு, சுற்றிலும் சரிகை கிழித்த கோடுகள். வெறும் சாயத்தில் வைத்திருந்தால் அந்தச் சந்தனம் ஈரத்துணியில் ஒரு துடைப்பில் போயிருக்கும்.

அன்பரசிக்கு ஒரு நொடி சந்தோஷமாகத்தான் இருந்தது, மறைப்பானேன். நன்றாக வேண்டும் என்று நினைத்தாள். பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். விரல்கள் கொப்பளித்திருந்ததை அவர் கவனிக்கவேயில்லை. அவள் விறுவிறுவென்று போய் முன் கதவைத் திறந்து, சேலையைச் சுருட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"முகூர்த்தத்துக்கு நேரமாச்சு. வாங்கப்பா."

"லோரி நிக்குதும்மா..."

"நிக்கட்டும். இனிமே எதைப் பாதுகாக்கப் போறீங்க?"

நல்லசாமி வடுவைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். லோரிக்காரரிடம், "நீ போ லா தம்பி," என்றார்.

வழியில் செம்பனைக் குலை ஏற்றிய லோரி ஒன்று முன்னால் போனது. டக்கென்று ஒரு கல் தெறித்தது. அவர் தோள் குறுகியது. "பரவால்லப்பா," என்றாள். "பரவால்லம்மா," என்று அவரும் பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

மண்டபத்து வாசலில் கூட்டம் காரை மொய்த்துக்கொண்டது. ஒருத்தர் இடுப்புச் சாவிக்கொத்தோடு கதவில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார். ஓர் அம்மாள் தன் குழந்தையைத் தூக்கி முன்மூடி மேலேயே உட்கார வைத்தாள். குழந்தையின் கையில் லட்டு. நல்லசாமியின் வாய் திறந்தது. பெண்ணை அழைத்து வரச் சொல்லி உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. அன்பரசி அப்பாவிடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள். இப்போதாவது என்ன செய்கிறார், பார்ப்போம் என்றிருந்தது அவளுக்கு.

அவர் வாயை மூடிக்கொண்டு, கொப்பளித்த விரல்களால் அவள் கையைப் பிடித்தார். படி ஏறும்போது திரும்பிப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். நன்றாகவே திரும்பிப் பார்த்தார். குழந்தை லட்டைச் சாயத்தில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தது. அவர் பிடி அன்பரசிக்கு வலிக்கிற அளவுக்கு இறுகியது, ஆனால் கையை விடவில்லை.